பவுடரா, குரூம்டா? நிசெகோ மலையில் இரண்டு ஸ்னோபோர்டுகளின் நீண்டகால அனுபவம்

பவுடர், அதாவது இறுகாத புதுப்பனி, விழுந்த காலை என்றால், ஒரே பலகையில் இரு காலையும் பிணைத்துப் பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டுக்காரர்களுக்குத் திருவிழா. இயந்திரம் ஓட்டிச் சமன்செய்த குரூம்டு ரன் (சறுக்குப் பாதை) என்றால், வேறு வழியில்லாத நாளில் போகிற இடம். ஜப்பானின் ஹொக்காய்டோ தீவில், அதுவும் நிசெகோவில், இந்தப் பேச்சு இன்னும் பலம். அங்கே பவுடர் பலகை ஒன்றையும் குரூம்டு பலகை ஒன்றையும் மாற்றி மாற்றிப் பல பனிக்காலம் ஓட்டிய அனுபவத்தில் சொல்வதானால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. ஒரு பலகைக்குத்தான் காசு இருக்கிறதா? குரூம்டுக்கு ஏற்றதையே வாங்குங்கள். பவுடரில் எந்தப் பலகையும் ஒருவாறு ஒப்பேற்றிவிடும். இறுகிய பனியில் பொருந்தாத பலகை ஒரு திருப்பம்கூட உருப்படியாகப் பிடிக்காது.

முதலில் பனி. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, கரையேறியதும் எதிர்ப்படும் மலைகளில் கொட்டிவிடுகிறது. 1308 மீட்டர் உயரமே உள்ள நிசெகோ அன்னுபுரி மலையில் ஒரு பருவத்துக்குச் சுமார் 15 மீட்டர் பனி விழுவது இதனால்தான். நடுக்குளிரில் விழும் புதுப்பனி கனமீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும். இயந்திரம் அரைத்து அழுத்திய ரன்னில் அதே கனமீட்டர் 400, 500 கிலோ. ஒரே மலை, ஒரே லிஃப்ட். ஆனால் பலகைக்குக் கீழே இருப்பது வேறு பொருள். அதனால் இதை வெறும் ருசி வேறுபாடு என்று தள்ளிவிட முடியாது. பலகையின் நீளம், அகலம், வளைவு எல்லாமே இதை ஒட்டித்தான் மாறுகின்றன.

ஒப்பிட்ட பலகைகள் இரண்டும் 70 கிலோ எடையும் 27 செமீ பூட் (பனிக் காலணி) அளவும் உள்ள ஒருவருக்கு எடுத்தவை. குரூம்டு பலகை 158 செமீ நீளம், இடை அகலம் 255 மிமீ, முழு கேம்பர் (நடுப்பகுதி மேலெழும் வில்வளைவு), சைட்கட் (பக்கவாட்டு உள்வளைவு) ஆரம் 8.5 மீட்டர். பவுடர் பலகை 152 செமீ, இடை 268 மிமீ, நோஸ் என்னும் முன்முனைப் பக்கம் ராக்கர் (மேல்நோக்கி எழும் வளைவு). டெயில் என்னும் பின்முனை நோஸைவிட 20 மிமீ ஒடுக்கம். நிற்கும் இடம் நடுவிலிருந்து 40 மிமீ பின்னால். நீளத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டும் இந்த வகை இப்போது ஏறக்குறைய எல்லாப் பெரிய கம்பெனிகளிடமும் கிடைக்கிறது.

முழங்கால் ஆழப் பவுடரில் 152 தானாகவே மிதந்து மேலே வரும். 158 கேம்பர் பலகையில் நோஸ் மூழ்காமல் இருக்க எடையைப் பின்காலுக்குத் தள்ள வேண்டியிருக்கும். மதியத்துக்குள் பின் தொடை எரிய ஆரம்பித்துவிடும். இதற்குக் காசில்லாத வைத்தியம் உண்டு. பவுடர் நாளில், காலைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங் இரண்டையும் ஒரு துளை பின்னால் நகர்த்துங்கள். 4×2 துளை அமைப்பில் ஒரு படி 20 மிமீ. பழைய 4×4 அமைப்பில் 40 மிமீ. பர்ட்டன் கம்பெனிப் பலகைகளில் உள்ள சேனல் என்னும் நீளப் பள்ளத்தில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். 158-ல் 20 மிமீ நகர்த்தினாலே தொடையின் பாடு பாதி குறையும். ஆனால் குரூம்டுக்குத் திரும்பும்போது பழைய இடத்துக்குக் கொண்டுவர மறக்கக் கூடாது. சைட்கட்டின் நடுவை விட்டுப் பின்னால் நின்றால் பலகை திருப்பத்துக்குள் நுழையவே தயங்கும்.

பவுடரில் புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். ஒன்று, பயத்தில் அளவுக்கு மீறிப் பின்னால் சாய்வது. நோஸ் வானத்தைப் பார்க்கும், டெயில் பிரேக் போடும், வேகம் செத்துவிடும். இரண்டு, குரூம்டில் செய்வதுபோல எட்ஜால் (பலகையோர எஃகு விளிம்பால்) வெட்டி வெட்டித் திரும்புவது. பவுடரில் எட்ஜுக்கு வேலையே இல்லை. பலகையின் முழு அடிப்பரப்பும் பனியை அழுத்திக்கொண்டு திரும்புகிறது. இரண்டு காலாலும் சேர்த்து மெதுவாக அழுத்தி, பனி திருப்பித் தள்ளும்வரை பொறுத்து, அந்த உந்தலில் அடுத்த பக்கம் போக வேண்டும். சமதளம் வருகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே வேகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நின்றுவிட்டீர்கள் என்றால் பைண்டிங்கை அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். கழற்றிய கால் இடுப்புவரை போகும். பலகையோடு புரண்டு சரிவான பக்கத்துக்குப் போய்விடுவதே சுலபம். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பலகையைப் பனிமேல் கிடத்தி அதன்மேல் கையூன்றி எழுங்கள்.

இவ்வளவு சுகமும் எத்தனை நேரம்? ஓட்ட எல்லைக்கு வெளியே போகும் கேட் திறந்த பவுடர் நாளில், லிஃப்டிலிருந்து தெரியும் சரிவுகள் இரண்டு மணி நேரத்தில் உழுத வயலாகிவிடும். அதன்பிறகு மாலைவரை கிடைப்பது பவுடருமில்லை, குரூம்டுமில்லை; மேடும் பள்ளமுமாகக் கலைந்த பனி. அகலமான, மென்மையான நோஸ் உள்ள பவுடர் பலகை இங்கே ஒவ்வொரு மேட்டிலும் துள்ளும், திசை மாறும். விறைப்பான கேம்பர் பலகை அதை அறுத்துக்கொண்டு போகும். ஒரு வாரப் பயணத்தில் உண்மையான பவுடர் ஓட்டம் சில காலைகள்தான். மீதி நேரமெல்லாம் கலைந்த பனியும் குரூம்டும். ஒரு பலகை என்றால் குரூம்டுக்கு என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

குரூம்டு ரன் தயாராகும் விதம் தெரிந்தால் எப்போது எங்கே போகலாம் என்பதும் தெரிந்துவிடும். பிஸ்டன்புல்லி, பிரினோத் போன்ற இயந்திரங்கள் முன்பக்க பிளேடால் மேடுகளை வெட்டித் தள்ளும். பின்னால் சுழலும் டில்லரின் பற்கள் பனியை அரைக்கும்; கடைசியில் சீப்புப் பட்டை அழுத்தி வரிவரியாக விட்டுப்போகும். அரைத்த பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகச் சில மணி நேரம் வேண்டும். மாலையிலேயே ஓட்டிய ரன் காலையில் கெட்டியாகவும், விடியற்காலையில் ஓட்டியது சற்று மென்மையாகவும் இருப்பது இதனால்தான். இரவில் இயந்திரம் போன பிறகு 10 செமீ பனி விழுந்திருந்தால் அதுதான் மலையிலேயே உயர்ந்த சரக்கு: மேலே பட்டு, கீழே எட்ஜ் பிடிக்கத் தளம். இரண்டு பலகையும் அதில் பிரமாதமாகப் போகும். பவுடர் வெறியர்கள் காட்டுக்குள் ஓடுவதால் அந்த ரன்கள் அனேகமாகக் காலியாகவே கிடக்கும்.

குரூம்டில் கார்விங் என்பது டெயிலைச் சறுக்கவிடாமல், எட்ஜ் ஒரே கோடாக வெட்டிப்போவது. திரும்பிப் பார்த்தால் பென்சிலால் கீறியதுபோல ஒரு தடம் இருக்க வேண்டும். அகலமாகத் தேய்த்த தடம் இருந்தால் அது கார்விங் இல்லை. இறுகிய பனியில் திருப்பத்தின் ஆரம், சைட்கட் ஆரத்தைச் சாய்வுக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் ஏறக்குறைய கிடைக்கும். 8.5 மீட்டர் பலகையை 60 டிகிரி சாய்த்தால் 4.25 மீட்டர். அந்த அளவு சாயும்போது பூட்டின் நுனியும் குதிகாலும் பனியில் உரசும்; உரசினால் எட்ஜ் தூக்கிக்கொள்ளும், ஆள் விழுவார். 27 செமீ பூட்டுக்கு 255 மிமீ இடை, பைண்டிங் கோணம் +15/−15 (முன்கால் முன்னோக்கி, பின்கால் பின்னோக்கி 15 டிகிரி) என்று வைத்தால் இந்தச் சிக்கல் வந்தே தீரும். +27/+12 என்று இரண்டு காலையும் முன்னோக்கித் திருப்பினால் பூட் வெளியே நீட்டுவது குறையும். பைண்டிங்குக்கு அடியில் ரைசர் தட்டு வைப்பது இன்னொரு வழி.

இங்கேதான் பவுடர் பலகைக்கு ஒரு மதிப்பெண் கொடுக்க வேண்டியிருக்கிறது. 268 மிமீ அகலத்தில் பூட் உரசாது. மென்மையான குரூம்டில் அதை நன்றாகவே படுக்கவைத்து ஓட்டலாம். குறை என்னவென்றால், ஒரு எட்ஜிலிருந்து மறு எட்ஜுக்கு மாற நேரம் பிடிக்கும், ஒடுங்கிய டெயில் திருப்பம் முடியுமுன்னே விட்டுவிடும். பனி கெட்டியானால் ராக்கர் நோஸ் படபடவென்று அடிக்கும்.

ஹீல் (குதிகால்) பக்கத் திருப்பத்தில் பலகை தடதடவென்று குதிக்கிறது என்று பலர் பலகையைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் பலகையுடையது இல்லை. முழங்கால் நீட்டி, இடுப்பை வெளியே தள்ளி நிற்பதால் எடை எட்ஜின் மேல் விழாமல் போகிறது. முழங்காலை மடக்குங்கள், பைண்டிங்கின் பின்தாங்கியான ஹைபேக்கின் முன்சாய்வை ஒரு படி கூட்டுங்கள், பார்வையைத் திருப்பத்தின் உள்பக்கம் வையுங்கள். பவுடரில் இதே தவறு தெரியவே தெரியாது, பனி மூடி மறைத்துவிடும். பவுடர் மட்டுமே ஓட்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் ஓட்டியும் ஹீல் எட்ஜில் தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

ஜப்பான் என்றாலே பவுடர் என்று வெளிநாட்டவர் நினைத்தாலும், அங்கே குரூம்டுக்கென்று தனியாக ஒரு தீவிரக் கூட்டம் உண்டு. ஹாமர்ஹெட் என்று சதுரமாக வெட்டிய நோஸ் உள்ள பலகைகள், இரண்டு காலும் முன்னோக்கிய கோணம், உடம்பு பனியைத் தொடும் அளவுக்குச் சாய்வு என்று அவர்கள் உலகமே வேறு. கிரே, ஒகசாகா போன்ற உள்ளூர் கம்பெனிகளின் பலகைகளை அவர்களிடம் அதிகம் பார்க்கலாம். ஸ்னோபோர்டு முதன்முதலில் ஒலிம்பிக்கில் வந்ததும் 1998-இல் ஜப்பானின் நகானோவில்தான். அன்று ஆடிய ஜயண்ட் ஸ்லாலமும் ஹாஃப்பைப்பும் சீர்செய்த பனியில் நடப்பவை. பவுடர் மோகத்துக்கும் பழைய காரணம் இருக்கிறது. 1965-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் இரண்டு ஸ்கீயை இணைத்துச் செய்த ஸ்னர்ஃபருக்கு எஃகு எட்ஜ் கிடையாது. மெத்தென்ற பனியை விட்டால் அதற்கு வேறு போக்கிடமில்லை.

தேய்மானத்தில் இரண்டும் இரண்டு விதம். குரூம்டு பலகையில் எட்ஜை ஒட்டிய பேஸ் (அடிப்பரப்பு) வறண்டு வெளுத்துப்போகும். அடியில் பூசும் மெழுகான வாக்ஸ் காய்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். தொடர்ந்து ஓட்டினால் சில நாளுக்கு ஒருமுறை வாக்ஸ் தேவைப்படும். பேஸ் எட்ஜ் 1 டிகிரி, பக்க எட்ஜ் 88 அல்லது 89 டிகிரி என்று வைத்துக் கூர்தீட்டுவது போதும். நோஸ், டெயிலில் பனியைத் தொடாத வளைவுப் பகுதியின் எட்ஜ் கூர்மையை மட்டும் ரப்பர் கல்லால் மழுக்குங்கள்; இல்லையென்றால் கலைந்த பனியில் சடக்கென்று மாட்டும். பவுடர் பலகைக்கு எட்ஜ் தேயாது, ஆனால் அடியில் காயம் படும். டிசம்பரில் பனி போதிய ஆழம் இல்லாதபோது சாசா என்னும் குட்டை மூங்கில் தூறுகளும் மரக்கட்டைகளும் அரைகுறையாக மூடிக்கிடக்கும். பேஸைக் கிழித்து உள்ளே மரம் தெரிகிற அளவுக்குப் பட்டால் அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். நீர் உள்ளே போனால் கட்டை ஊறி அடுக்கு பிரிந்துவிடும். காயவைத்து, பீ-டெக்ஸ் என்னும் பிளாஸ்டிக்கை உருக்கி நிரப்பிய பிறகுதான் மறுபடி.

வாக்ஸில் பலரும் செய்யும் தப்பு, −10 டிகிரி பனியிலும் மென்மையான வாக்ஸ் போடுவது. குளிர்ந்த புதுப்பனியின் துகள்கள் கூரானவை. மென்மையான வாக்ஸில் குத்தி நின்று பலகையை இழுக்கும். குளிருக்கான கெட்டி வாக்ஸை 140–150 டிகிரி அயர்னில் உருக்கி, அரை மணி நேரமாவது ஆறவிட்டுச் சுரண்ட வேண்டும். அயர்னில் புகை வந்தால் சூடு அதிகம். மார்ச்சில் ஈரப்பனி வந்ததும் மென்மையான வாக்ஸுக்கு மாறுங்கள்.

பவுடர் நாளில் பைண்டிங் ஸ்ட்ராப் பற்களில் பனி அடைத்து உறையும். பூட்டுமுன் விரலால் துடைத்துவிடுவது நல்லது. திருகுகள் எல்லாம் எம்6. 3-ஆம் எண் ஸ்குரூடிரைவர் ஒன்று பையில் இருக்கட்டும். குரூம்டு அதிர்வில்தான் அவை அதிகம் தளரும்.

காட்டுக்குள் போவதென்றால் செலவும் ஒழுங்கும் கூடும். நிசெகோவில் எல்லை தாண்டக் கேட் வழியாக மட்டுமே அனுமதி. கேட் மூடியிருந்தால் கயிறு தாண்டக் கூடாது, தாண்டினால் லிஃப்ட் பாஸ் போய்விடும். யுனோசாவா பள்ளத்தாக்கு எப்போதும் தடை. பனிச்சரிவு அறிக்கையைத் தினமும் காலையில் படித்துவிட்டே கிளம்ப வேண்டும். 457 கிலோஹெர்ட்ஸ் பீக்கன் (புதைந்தவரைத் தேட உதவும் ரேடியோக் கருவி), மண்வெட்டி, புரோப் (பனியில் குத்தித் தேடும் நீளக் கம்பி) மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும்; பீக்கனிலிருந்து மொபைல் குறைந்தது 20 செமீ, தேடும்போது 50 செமீ தள்ளி இருக்கட்டும். ஊசியிலை மரங்களின் அடியில், தாழ்ந்த கிளைகளுக்குக் கீழே பனி இறுகாமல் குழியாக இருக்கும். தலைகீழாக விழுந்தால் தனியாக வெளிவருவது மிகக் கடினம். விழும்போதே கிளையையோ தண்டையோ பற்றிக்கொள்ளுங்கள். துடிக்காமல் முகத்துக்கு முன் கையால் இடம் செய்யுங்கள். கூட வந்தவரின் கண்பார்வையிலேயே ஓட்டுவதுதான் உண்மையான காப்பு.

ஒரே பலகையில் இரண்டையும் சமாளிக்க நினைப்பவருக்கு: கால்களுக்கு நடுவே கேம்பர், நோஸில் மட்டும் கொஞ்சம் ராக்கர், டெயிலில் 5 முதல் 10 மிமீ ஒடுக்கம், பூட்டுக்குப் போதிய அகலம், நடுத்தர விறைப்பு. பைண்டிங் கோணம் +21/+3 அளவில் தொடங்கலாம். பவுடர் பலகையை வாங்காதீர்கள். நிசெகோவின் வாடகைக் கடைகளில் அந்த ஓரிரு காலைகளுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பழைய பலகை வாங்குவதானால் வெறும் பலகையைச் சமதளத்தில் வைத்துப் பாருங்கள். கேம்பர் பலகை நடுவில் விரல் நுழையும் அளவுக்குத் தரையை விட்டு எழும்பி நிற்க வேண்டும். தரையோடு ஒட்டிக்கிடந்தால் வளைவு செத்துவிட்டது. பிறகு எட்ஜ் முழுவதும் நகத்தை ஓட்டி விரிசல் இருக்கிறதா பாருங்கள். பைண்டிங் துளை ஒவ்வொன்றிலும் திருகைக் கையால் போட்டுச் சோதியுங்கள். ஒன்று சுற்றிக்கொண்டே போனாலும் அந்தப் பலகை வேண்டாம்.