ஜெர்மனியில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) வாங்கித் தருகிறோம் என்று சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள்

85,000 ரூபாய். போனது போனதுதான் என்று நேற்று மாலை தெரிந்துவிட்டது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சேலத்தில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்கிற வேறு யாரும் அந்த மாடிப்படியில் ஏறிவிடக் கூடாது.

பெயர் சொல்லவில்லை. ஐந்து ரோடு பக்கம், வெளிநாட்டுக்கு மாணவர்களை அனுப்பும் ஓர் ஆலோசனை நிலையம். நான் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் மரப்பட்டை மரப்பட்டையாகத் தடவிக் கற்பாசிகளை ஆராய்ந்தவள். அங்கே என் ஆய்வேட்டைக் கையில் வாங்கியவர் நேராக நன்றியுரையைத் திறந்தார். அப்பாவின் பெயரைச் சத்தமாகப் படித்தார். "செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலையா ஐயா? அந்தக் கையால் மகளை டாக்டர் ஆக்கிவிட்டீர்களே!" என்று எழுந்து நின்று கும்பிட்டார். பற்றவைத்துப் பற்றவைத்துச் சுட்டுக் கறுத்த விரல்களை அப்பா மடக்கி மடியில் மறைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். அதோடு என் புத்தி வேலை செய்யவில்லை.

அன்றே 25,000 ரொக்கமாகக் கட்டினோம். பத்து நாளில், ஒரு பேராசிரியர் தன் குழுவில் எனக்கு இடம் தருவதாக, ஒரு ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு கடிதம் வந்தது. "இடத்தை உறுதிசெய்ய" இன்னும் 60,000 என்றார்கள். பட்டறை முதலாளியிடம் அப்பா முன்பணம் வாங்கி வந்தார், ஜிபேயில் அனுப்பினேன்.

பிறகு நான்கு மாதம் சாக்குப்போக்கு. ஈஸ்டர் விடுமுறை என்றார்கள். பேராசிரியர் களப்பணியில் இருக்கிறார் என்றார்கள். தூதரகத்தில் தேங்கிக் கிடக்கிறது என்றார்கள். கடைசியில் போனை எடுத்த பெண், "மேடம், தினமும் கூப்பிட்டால் ஃபைல் வேகமாக நகர்ந்துவிடாது" என்றாள்.

சந்தேகம் வந்து, பல்கலைக்கழக இணையதளத்தில் இருந்த முகவரிக்கு அந்தப் பேராசிரியருக்கே எழுதினேன். மறுநாளே பதில் வந்தது: அது தன் கடிதம் இல்லை, தன் குழுவில் இப்போது காலியிடமும் இல்லை. இதை நான்கு மாதம் முன்பே செய்திருக்கலாம், ஒரு ரூபாய் செலவில்லை!

அந்தப் பதிலை அச்செடுத்துக்கொண்டு நேற்று போனோம். அன்று எழுந்து நின்று கும்பிட்டவர் அப்பாவை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "நாங்கள் வாங்கியது ஆலோசனைக் கட்டணம், ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள்" என்றார். திருப்பித் தரப்படமாட்டாது என்று எறும்பு எழுத்தில் இருக்கிறது. எது ஆலோசனை? 85,000 ரூபாய்க்கு ஒரு பொய்க் கடிதம்!

முறையாக எப்படித் தேடுவது என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது முடியவில்லை. இவ்வளவாவது நினைவில் வையுங்கள். ஜெர்மனியின் ஹம்போல்ட் உதவித்தொகைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி உதவித்தொகைக்கும் விண்ணப்பக் கட்டணமே கிடையாது. நம்மை ஏற்கும் பேராசிரியரை நாமே எழுதிப் பிடிக்க வேண்டும், இடையில் தரகருக்கு வேலை இல்லை. மேரி கியூரிக்கு முனைவர் பட்டத்துக்குப் பின் எட்டு ஆண்டு என்ற வரம்பு உண்டு. ஐரோப்பிய ஆய்வுக் காலியிடங்கள் யூராக்ஸஸ் (EURAXESS) தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கடிதம் வந்தால் அனுப்பிய மின்னஞ்சல் முகவரியைப் பாருங்கள். எனக்கு வந்தது ஜிமெயிலிலிருந்து, நான் கவனிக்கவில்லை.

1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் நேற்று இரவே புகார் சொல்லிவிட்டேன். காலையில் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்துக்குப் போகிறோம். இதே மாதிரி ரசீது வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் எங்களோடு வாருங்கள்.