முன்பக்கத்தைத் தாழ்த்துவதா, பின்பக்கத்தை உயர்த்துவதா? பழைய எஸ்ஆர்400-இன் நிற்கும் தோரணையை வீட்டிலேயே மாற்றுவது பற்றி

பழைய மோட்டார்சைக்கிள் ஒன்று பார்வைக்குச் சப்பென்று இருந்தால், நாம் முதலில் பெயின்ட்டைக் குறை சொல்கிறோம். உண்மையில் கண்ணை உறுத்துவது பெரும்பாலும் அது நிற்கும் விதம்தான். என்னிடம் உள்ளது யமஹா எஸ்ஆர்400. 399 சிசி ஒற்றை சிலிண்டர் என்பதால் சிங்கப்பூரில் 2ஏ உரிமத்துக்குள் அடங்கும். காலால் உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். 1978-இல் வெளிவந்து, இடையிடையே உற்பத்தி நின்றாலும், 2021-இல் இறுதிப் பதிப்புடன் ஜப்பானில் விடைபெற்ற வண்டி இது. டேங்க்கும் எஞ்சினும் அழகு. ஆனால் முன்பக்கம் நிமிர்ந்தும் சீட் பின்னால் தொங்கியும் இருப்பதால், பக்கவாட்டில் பார்க்கும்போது வண்டி பின்வாங்கி உட்கார்ந்திருப்பதைப் போலத் தோன்றும். டேங்க்கின் அடிக்கோடும் சீட்டின் அடிக்கோடும் ஒரே நேர்கோட்டில், தரைக்கு இணையாக ஓட வேண்டும் என்பதே என் நோக்கம்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களை அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்ப்புகளுக்குள் மேலே நகர்த்தி முன்பக்கத்தைத் தாழ்த்தலாம். அல்லது பின்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஷாக்குகளுக்குப் பதிலாக நீளமானவற்றைப் பூட்டி வாலை உயர்த்தலாம். வடிவக் கணக்கில் இரண்டும் ஒன்றே, ஏனெனில் இரண்டிலும் வண்டி முழுவதும் ஒரே திசையில் சற்றுச் சுழல்கிறது. சக்கர அச்சுகளுக்கு இடையே 1410 மில்லிமீட்டர் உள்ள இந்த வண்டியில், 10 மில்லிமீட்டர் மாற்றம் ஸ்டீயரிங் சாய்வை ஏறத்தாழ 0.4 பாகை செங்குத்தாக்கும். ஸ்டீயரிங் அச்சைத் தரைவரை நீட்டினால் அது தொடும் இடத்துக்கும், முன்டயர் தரையில் பதியும் இடத்துக்கும் உள்ள தூரம் அதனால் இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்குக் குறையும். வண்டி வளைவில் சுறுசுறுப்பாகத் திரும்புவதும், அளவு மீறினால் விரைவுச்சாலையில் படபடப்பதும் இந்தத் தூரம் குறைவதன் விளைவுகளே. ஆகவே இரண்டில் எதைத் தேர்ந்தாலும் 15 மில்லிமீட்டருக்கு மேல் போகத் துணியவில்லை.

வேறுபாடு மற்ற இடங்களில்தான் தெரிகிறது. நான் முதலில் நீளமான ஷாக்குகளையே வாங்கினேன். பூட்டுவதற்கு அரைமணி நேரம். பக்கத்துக்கு இரண்டு நட்டுகள் மட்டுமே. பார்வைக்கு வண்டி பாய்ந்து போகத் தயாராக நின்றது. ஆனால் அன்று மாலையே நடுஸ்டாண்டைப் போட்டபோது பின்சக்கரம் தரையை விட்டு எழவில்லை. ஷாக் நீண்டதால் சக்கரம் கீழிறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சங்கிலிக்கு எண்ணெய் போட ஒரு பலகையை ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க வேண்டியதாயிற்று. பக்கஸ்டாண்டோ உயரம் போதாமல் வண்டியை மிகையாகச் சாய்த்தது. பலமாடி வாகன நிறுத்தத்தில் மோட்டார்சைக்கிள்களுக்கு ஒதுக்கும் இடம் குறுகலானது. பக்கத்து வண்டியின் கண்ணாடியோடு என் ஹேண்டில்பார் உரசிக்கொண்டு நின்றதைக் கண்டபோதே இந்த வழி எனக்குக் கசந்துவிட்டது. சீட்டும் உயர்ந்ததால், உதைத்துக் கிளப்பும்போது ஊன்றியிருக்கும் கால் நுனிவிரலில் நின்றது.

ஃபோர்க்கை நகர்த்துவதில் இதற்கு நேர் எதிரான சிக்கல்கள் வரும். வண்டி தாழ்வதால் பக்கஸ்டாண்டில் சற்று நிமிர்ந்து நிற்கும். சரிவான இடத்தில் நிறுத்தும்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். வேலைக்குக் காசு ஆகாது, ஆனால் கவனம் வேண்டும். எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்துவிட்டு, மேல் கிளாம்ப் போல்ட்டுகளையும் பிறகு கீழ் கிளாம்ப் போல்ட்டுகளையும் தளர்த்தி, குழாய்களை ஒவ்வொரு பக்கமாகச் சிறிது சிறிதாக மேலே தள்ள வேண்டும். முன்விளக்கைத் தாங்கும் காதுகளும் அதே குழாயைப் பிடித்திருப்பதால் அவற்றையும் தளர்த்த மறக்கக்கூடாது. இரண்டு பக்கமும் சமமாக உயர்ந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாமல் வெர்னியரால் அளந்தேன். முதல் முறை இடதுபக்கம் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது.

அதற்குப் பிறகான சோதனைதான் முக்கியம். ஃபோர்க் முழுவதும் அமுங்கும்போது மட்கார்ட் கீழ் கிளாம்ப்பில் இடிக்கக்கூடாது. குழாயில் ஒரு கேபிள் டையை, அதாவது பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை, இறுக்கமாகக் கட்டிவிட்டு, வாகன நிறுத்தத்தின் சரிவில் இறங்கும்போது முன்பிரேக்கை அழுத்தமாகப் பிடித்தேன். டை எவ்வளவு தூரம் மேலே தள்ளப்பட்டதோ அதுவே ஃபோர்க் அமுங்கிய அளவு. 12 மில்லிமீட்டர் ஏற்றிய நிலையிலும் போதிய இடைவெளி மிஞ்சியதால் அங்கேயே நிறுத்திக்கொண்டேன். விளக்கின் ஒளி தாழ்ந்துவிடும் என்பதால் அதையும் திருத்த வேண்டும். மூன்று வயது கடந்த மோட்டார்சைக்கிள்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை உண்டு என்பது நமக்குத் தெரியாததல்ல.

மூன்றாவதாக ஒரு வழியைச் சிலர் பரிந்துரைப்பார்கள்: ஃபோர்க் ஸ்பிரிங்கை ரம்பத்தால் வெட்டுவது. சுருள்கள் குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகும், வெட்டிய முனை தட்டையாக உட்காராது, பழைய நிலைக்குத் திரும்பவும் முடியாது. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

ஹேண்டில்பாரில்தான் மனம் அலைபாயும். படத்தில் கம்பீரமாக இருப்பவை கிளிப்-ஆன்களே. இந்த வண்டியின் 35 மில்லிமீட்டர் ஃபோர்க் குழாய்களில் தனித்தனியாகக் கவ்வும் அவை, கைகளை மேல் கிளாம்ப்புக்குக் கீழே கொண்டுபோய்விடும். ஆனால் முழுவதும் திருப்பும்போது கட்டைவிரல் டேங்க்கில் நசுங்காமல் இருக்கத் திருப்பும் அளவைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கும். அப்படிக் கட்டுப்படுத்தினால் வாகன நிறுத்தத்தின் குறுகிய வளைவுகளில் ஒரே மூச்சில் திரும்ப முடியாது. ஈசூனிலிருந்து துவாஸ் வரை காலை நெரிசலில் கிளட்சைப் பிடித்துப் பிடித்துப் போகும் ஒருவரின் மணிக்கட்டு இதைத் தாங்குமா என்பதும் கேள்வி. வளைந்து இறங்கும் கிளப்மேன் பார் 22 மில்லிமீட்டர் தடிமனே என்பதால் பழைய பிடிகளிலேயே உட்காரும். ஆனால் பிரேக் எண்ணெய்க் குப்பி சாய்ந்துவிடாதபடி நெம்புகோலின் கோணத்தைச் சரிசெய்வதற்குள் பொறுமை போய்விடும். நான் தேர்ந்தது தாழ்வான நேர் பார். கேபிள்களும் பிரேக் ஹோஸும் மாற்றமின்றிப் பொருந்தின. சற்றே மிஞ்சிய நீளத்தை விளக்கின் பின்னால் சுற்றிவிட்டேன். பார்வைக்குக் கிளிப்-ஆனின் மிடுக்கு இதில் முக்கால் பங்குதான் வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த முக்கால் பங்கு எனக்குப் போதும்.

சீட்டுக்கு வருவோம். பந்தய வண்டியின் சாயலில் மாற்றியமைத்த வெளிநாட்டுக் கஃபே ரேசர்களில் காண்பதுபோல் சட்டகத்தின் வாலை வெட்டி வளையம் ஒட்டுவது நமக்கு வழியே அல்ல. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் ஒரு புறம் இருக்க, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் வெல்டிங் செய்ய இடம் ஏது? அதற்கு மாற்றாக, பழைய சீட்டின் உறையைக் கழற்றி, ஸ்பாஞ்சைச் சமையலறைத் தரையில் வைத்து, ரொட்டி வெட்டும் கத்தியால் பின்புறம் மூன்று சென்டிமீட்டர் சீவினேன். முன்புறத்தைத் தொடவில்லை. அளவு கொடுத்துத் தைத்துவாங்கிய புதிய ரெக்சின் உறையை வெயிலில் சூடாக்கி இழுத்து ஸ்டேபிள் அடித்தபோது, சீட்டின் மேல்கோடும் நேராகிவிட்டது. வண்டியை உருமாற்றியது ஃபோர்க்கின் 12 மில்லிமீட்டரைவிட இந்த மூன்று சென்டிமீட்டர்தான் என்று இப்போது தோன்றுகிறது.

பெயின்ட் பற்றிச் சுருக்கமாக. ஸ்ப்ரே டப்பாவின் சாதாரணப் பூச்சு பெட்ரோல் சிந்தினால் கரையும். நம் ஊர் ஈரப்பதத்தில் பால் படிந்ததுபோல் வெளுக்கவும் செய்யும். பெட்ரோலைத் தாங்கும், இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் இருகூட்டுப் பூச்சின் புகை நுரையீரலுக்கு ஆபத்தானது, பொது நடைபாதையில் அடிக்கக்கூடியதல்ல. ஆகவே டேங்க்குக்கு வினைல் தாள் ஒட்டினேன், வண்டியின் பதிவில் உள்ள அதே கரும்பச்சை நிறத்திலேயே. நீளமான ஷாக்குகளை விற்றுவிட்டேன். பழைய ஹேண்டில்பார் மட்டும் செய்தித்தாளில் சுற்றியபடி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.