காது கொடுத்து நடப்பது: கவன நடையில் சில வருட அனுபவம்

“இத்தனை வருடமாகக் கவன நடை நடக்கிறீர்களே, முதுகு நிமிர்ந்ததா? தொப்பை குறைந்ததா? நானும் தொடங்கலாமா?” என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். முதல் கேள்விக்கு ‘ஓரளவு’, இரண்டாவதற்கு ‘இல்லை’ என்று எழுதிவிட்டு மூன்றாவதில் நின்றுபோனேன். புகழவும் தோன்றுகிறது, திட்டவும் தோன்றுகிறது. இரண்டையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன்.

கவன நடை என்றால் என்ன என்று நீட்டி விளக்கப்போவதில்லை. மூச்சையும் பாதம் தரையைத் தொடுவதையும் கவனித்தபடி நடப்பது; எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான். ஆனால் அதைக் கற்றுக்கொடுப்பவர்கள் எல்லோரும் முதலில் சொல்லும் ஒரு கட்டளை இருக்கிறது: “நிமிர்ந்து நடங்கள்.” இத்தனை வருடத்தில் என்னை விடாமல் எரிச்சலூட்டியது அந்த இரண்டு சொற்கள்தான்.

நான் தொடங்கியபோது ஒரு செயலியின் குரல் காதுக்குள் வழிகாட்டியது. மார்பை விரியுங்கள், தோள்களைப் பின்னுக்குக் கொண்டுபோங்கள், வயிற்றை உள்ளிழுங்கள், தாடையைத் தரைக்கு இணையாக வையுங்கள், மூச்சைக் கவனியுங்கள், மெல்லப் புன்னகை செய்யுங்கள். இத்தனையையும் ஒருசேரச் செய்கிற மனிதனைத் தெருவில் கண்டால் நாய் குரைக்கும். அந்தக் கட்டளைகளைக் கேட்ட உடம்பு என்ன செய்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். மார்பை விரி என்றால் விலாக்கூட்டின் கீழ் விளிம்பு முன்னால் தூக்கிக்கொள்கிறது. அதற்கு ஈடுகட்ட இடுப்புக்கு மேலே முதுகு உள்வளைகிறது. வயிற்றை இழுத்துப் பிடித்திருப்பதால் மூச்சு காறை எலும்பு வரைக்கும் வந்து அங்கேயே திரும்பிவிடுகிறது. முழங்கால்கள் விறைக்கின்றன. கைகள் எப்போது வீசுவதை நிறுத்தின என்பதே தெரிவதில்லை. கண்ணாடியில் பார்த்தால் நிமிர்ந்த உருவம்தான். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் கீழ்முதுகு கடுக்கும்.

குரலின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. சிக்கல் கவனத்தின் இயல்பிலேயே இருக்கிறது. கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 1998இல் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தங்கள் பாதங்களைக் கவனித்தவர்களைவிட, பாதத்துக்கு அடியிலிருந்த கருவியின் சக்கரங்களைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். கவனம் உடம்புக்குள் திரும்பினால் அசைவு இறுகும். உடம்பு உண்டாக்கும் விளைவின் மேல் விழுந்தால் இளகும். அதன் பிறகு வந்த பல ஆய்வுகளும் பெரும்பாலும் இதே பக்கம்தான் சாய்கின்றன.

நடையின் வேகத்தைக் கணக்குப் போட்டாலே இது புரிந்துவிடும். நிமிடத்துக்கு நூறு காலடி என்றால் ஒரு காலடிக்கு 0.6 வினாடி. குதிகால் தரையைத் தொட்டு, எடை உள்ளங்காலின் வெளி ஓரமாக முன்னால் உருண்டு, பெருவிரல் மடிந்து தரையை உந்துவதற்குள் அடுத்த குதிகால் இறங்கிவிடும். ‘இப்போது குதிகால்’ என்று மனத்துக்குள் சொல்லி முடிக்கும்போது குதிகால் காற்றில் இருக்கும். தண்டுவடமும் சிறுமூளையும் நம்மைக் கேட்காமலே நடத்திக்கொண்டிருக்கும் வேலை அது. அதில் நாம் நுழைந்து மேற்பார்வை பார்த்தால் வேலை கெடத்தான் செய்யும்.

செயலியின் குரலை ஒருநாள் அணைத்தேன். ஞானம் ஒன்றும் இல்லை, ஹெட்ஃபோனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. அன்றுதான் என் நடையின் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன். இடது கால் ‘தப்’ என்று இறங்கியது. வலது கால் ‘தட்’ என்று விழுந்தது. கூடவே, தூக்கும் நேரத்தில் ‘சர்’ என்று ஒரு சின்ன உரசல். தப், தட்-சர், தப், தட்-சர். ஒருமுறை காதில் விழுந்த பிறகு அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரே ஆள் நடக்கிறேன், இரண்டு பேர் நடக்கிற சத்தம்.

கவன நடை எனக்குக் கொடுத்த பெரிய மகிழ்ச்சி இந்தச் சத்தம்தான். எந்தப் பாடத்திலும் இதை யாரும் சொல்லித் தரவில்லை. முதுகு, தோள், தாடை எல்லாவற்றையும் மறந்துவிட்டு எனக்கு நானே ஒரே ஒரு வேலையை வைத்துக்கொண்டேன்: இரண்டு காலும் ஒரே சத்தம் போடவேண்டும், அந்தச் சத்தம் சிறியதாக இருக்கவேண்டும். எப்படிச் செய்வது என்று உடம்புக்குச் சொல்லவில்லை. தானாகக் காலடியின் எட்டு குறுகியது. முன்னால் தொலைவில் போய் விழுந்துகொண்டிருந்த குதிகால் உடம்புக்கு அருகே இறங்கத் தொடங்கியது. எட்டு குறுகியதும் கழுத்தை முன்னால் நீட்டவேண்டிய தேவை குறைந்தது. தலை தோள்களுக்கு மேல் வந்து உட்கார்ந்தது. ‘நிமிர்ந்து நட’ என்று ஆயிரம் முறை சொல்லியும் வராத நிமிர்வு, நிமிர்வதைப் பற்றி நினைக்காதபோது வந்தது. இதை எழுதும்போதுகூட அந்தக் குரலின் மேல் கோபம் வருகிறது.

வலது காலின் ‘தட்’டுக்குக் காரணம் காலில் இல்லை. வேறொரு வலிக்காகப் பார்க்கப்போன இயன்முறை மருத்துவர் என்னை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். வலது காலில் நின்றபோது இடது பக்க இடுப்பு லேசாகத் தொங்கியது. நடை என்பது மாற்றி மாற்றி ஒற்றைக் காலில் நிற்பதுதான். நிற்கிற காலின் இடுப்புப் பக்கவாட்டுத் தசை மறுபக்கத்தை ஏந்திப் பிடிக்கவேண்டும். அது வலுக்குறைந்தால் மறுபக்கம் தாழும் என்பதை டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1895ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். என் வலது இடுப்புத் தசை சோம்பிக் கிடந்தது. வலது கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் உடம்பு வலப்பக்கம் சரிந்து விழுந்தது. அந்தச் செயலி பல மாதங்களாக ‘உங்கள் இடுப்பை உணருங்கள்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. உணர்ந்துகொண்டுதான் இருந்தேன். தொங்குகிறது என்று மட்டும் உணரவில்லை. காதுக்குத்தான் தெரிந்தது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். சத்தத்தைக் கேட்டுக் கண்டுபிடிக்கலாம். நடந்தே அதைச் சரிசெய்ய முடியாது. வலது இடுப்புக்கு வலு கொடுத்தது, பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்கியதும் ஒரு படியில் ஏறி ஏறி இறங்கியதும்தான். சலிப்பான, தியான வாசனையே இல்லாத பயிற்சிகள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்போடு, வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று இருக்கிறது. ‘நடந்தாலே போதும்’ என்பவர்கள் இந்தப் பிற்பாதியை விட்டுவிடுகிறார்கள்.

நிமிர்வைப் பற்றி இன்னொரு சந்தேகமும் உண்டு. தலையை 60 பாகை குனிந்தால் கழுத்தின் மேல் ஏறத்தாழ 27 கிலோ பாரம் விழுகிறது என்ற கணக்கை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற முதுகெலும்பு அறுவை மருத்துவர் 2014இல் வெளியிட்டது அது. கணினி மாதிரியில் போட்ட கணக்கு; மனிதர்களின் கழுத்தில் அளந்து பார்த்தது அல்ல. அதை விட்டுவிட்டாலும், நடக்கும் நேரம் முழுக்க என் கைபேசி சட்டைப்பையில் கிடக்கிறது. பிடரி வலி குறைந்ததற்குக் காரணம் கவனமா, கைபேசி கண்ணில் படாததா? என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டாவது என்றால் அதற்குக் கவன நடை எதற்கு, பையில் போட்டுவிட்டுச் சும்மா நடக்கலாமே.

இனித் தொப்பை. ‘ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: மனமும் அடங்கும், உடம்பும் இளைக்கும்’ என்றுதான் இதை விற்கிறார்கள். என் அனுபவத்தில் ஒரு நேரத்தில் ஒரு மாங்காய்தான் விழுகிறது. உடற்பயிற்சிக் கணக்கில், சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றலை 1 என்று வைத்தால், 3 முதல் 6 மடங்கு வரை செலவழிப்பதுதான் மிதமான உழைப்பு. மணிக்கு 5.5 கிலோமீட்டர் போல வேகநடை போட்டால் 4ஐ ஒட்டி வரும். தூக்குகிறேன், நகர்த்துகிறேன், வைக்கிறேன் என்று ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தால் 2ஐச் சுற்றித்தான் நிற்கும். பேசமுடியும், பாடமுடியாது என்ற அளவுக்கு மூச்சு ஏறவேண்டும் என்பார்கள். மெதுநடையில் ஒரு கச்சேரியே நடத்தலாம்.

அதோடு கைகள். நடைத் தியான மரபில் கைகளை முன்னாலோ பின்னாலோ கோத்துக்கொள்வது வழக்கம். மனம் அலையாமல் இருக்க அது உதவும், மறுப்பில்லை. ஆனால் கையை வீசாமல் நடந்தால் அதே வேகத்துக்கு ஏறத்தாழ 12 விழுக்காடு கூடுதல் ஆற்றல் செலவாகும் என்று 2009இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். ‘அதிகம் செலவானால் நல்லதுதானே’ என்று கேட்காதீர்கள். எதிர்க்கை வீச்சு இல்லாததால் உடம்பு திருகாமல் தடுக்க மற்றத் தசைகள் படும்பாடு அது. கை கோத்து நடந்த நாட்களில் என் வலது கால் ‘தட்’ இன்னும் பலமாகக் கேட்டது.

மரபைக் குறை சொல்லவில்லை. முன்னும் பின்னும் நடப்பதற்குப் பௌத்த நூல்கள் ஐந்து பயன்களைச் சொல்கின்றன: நெடுவழி நடக்கும் திறன், முயற்சிக்கான வலு, நோய் குறைவு, உண்டது செரித்தல், நடையில் கூடிய மன ஒருமை நெடுநேரம் நிலைத்தல். அளவான, நேர்மையான பட்டியல். கூன் நிமிரும், இடுப்புச் சுற்றளவு குறையும் என்ற வாக்குறுதிகளைச் சேர்த்தவர்கள் பின்னால் வந்த வியாபாரிகள். பத்தாயிரம் அடி என்ற இலக்கும் அப்படி வந்ததுதான். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியிலிருந்து பரவிய எண் அது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக 72 வயதான பெண்களுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4,400 அடியிலேயே, மிகக் குறைவாக நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500ஐ ஒட்டிக் கூடுதல் பயன் நின்றுவிட்டது. மணிக்கட்டில் கடிகாரம் அதிரும்போதெல்லாம் காதில் பிடித்திருந்த சத்தம் நழுவிப்போகிறது. இப்போது கழற்றி வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

காலணி பற்றி ஒரு வார்த்தை. பஞ்சுபோல் தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ போட்டால் எதுவும் கேட்காது; இரண்டு காலும் பொய் சொல்லும். என்னுடையது கொஞ்சம் மெல்லிய, கெட்டியான அடிப்பாகம் கொண்டது. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதைப் பின்பற்றவேண்டாம், வெறுங்காலோடு நடக்கவும் வேண்டாம். காலணியில் குதியின் வெளி ஓரம் தேய்வது பெரும்பாலோருக்கு இயல்பு. என் பழைய ஜோடியில் வலது குதி ஆணித்தலை புதையும் அளவுக்குக் கூடுதலாகத் தேய்ந்து சாய்ந்திருந்தது. இப்போதைய ஜோடியைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தால் எது வலது என்று தேய்மானத்தை வைத்துச் சொல்ல முடியாது. என்னிடம் உள்ள ஒரே சான்று இதுதான். எந்தக் கடிகாரத்தின் வரைபடத்தையும்விட இதை நம்புகிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு பரிந்துரைப்பேனா என்றால், மாட்டேன். அதிலும் கேள்வி கேட்ட நண்பருக்கு நிச்சயமாக மாட்டேன். அவர் ஏற்கெனவே உட்காரும் நாற்காலி, படுக்கும் தலையணை, நிற்கும் கோணம் என்று எல்லாவற்றையும் சந்தேகிக்கிற ஆள். அவரிடம் போய் ஒவ்வொரு அடியையும் கவனியுங்கள் என்றால் கவலைக்குப் புதிதாக ஒரு வேலை கொடுத்ததாகிவிடும். தினம் அரைமணி நேரம்தான் கிடைக்கும் என்கிறார். அந்த அரைமணியைக் கையை வீசி, மூச்சு வாங்க நடக்கட்டும்; பாட்டுக் கேட்கட்டும், யாரோடாவது வம்பளக்கட்டும். வாரத்தில் இரண்டு நாள் படியேறி இறங்கட்டும். முதுகுக்கும் வயிற்றுக்கும் அதில் கிடைப்பதைவிட அதிகமாகக் கவன நடையில் கிடைத்துவிடாது.

நான் விடப்போவதில்லை. முதல் பத்து நிமிடம் மெதுவாக, காதோடு. பிறகு கவனத்தைக் கழற்றிவிட்டு வேகநடை. மழை பெய்த மறுநாள் ஈரத் தரையில் சத்தம் வேறு மாதிரி வரும். அதைக் கேட்பதற்காகவே சில நாள் பத்து நிமிடம் இருபதாகிவிடுகிறது, உடற்பயிற்சிக் கணக்கில் அன்றைய நாள் வீண். செயலியின் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி இன்னும் அறிவிப்பு வந்துகொண்டிருக்கிறது. புதிய பதிப்பில் குரல் இனிமையாக்கப்பட்டிருக்கிறதாம். முதல் பாடத்தின் தலைப்பு மட்டும் அதேதான்: நிமிர்ந்து நடங்கள்.