ஜாபுக்கு எது நல்லது: பேக்கா, ஷேடோவா?

புதிதாக பாக்ஸிங் சேருகிற யாரைப் பார்த்தாலும் பேக், அதாவது தொங்கவிட்ட குத்துப் பை மேல்தான் கண். கிளவுஸ் மாட்டி நாலு குத்து விட்டதும் வருகிற அந்தச் சத்தத்துக்காகவே மறுநாளும் வரத் தோன்றும். நானும் முதல் மூன்று மாதம் அதையே கட்டிக்கொண்டு கிடந்தேன். கோச் ஷேடோ (எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகுவது) போடச் சொன்னால் கடமைக்கு ஒரு ரவுண்ட் கை வீசிவிட்டு மறுபடியும் பேக் முன்னால் போய் நின்றுவிடுவேன். முதல் ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், எதிரே நின்றவர் அரை அடி பின்னால் நகர்ந்தார், அவ்வளவுதான். ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேராக விடுகிற குத்து, வலக்கைக்காரருக்கு இடது கை) காற்றில் போனது, உடம்பும் கூடவே போனது, நிமிர்வதற்குள் கன்னத்தில் அவருடைய வலது கை விழுந்தது.

பேக் பின்வாங்காது, சிக்கலே அதுதான். மொத்த எடையையும் முன்னங்கால் முட்டி மேல் சாய்த்துக் குத்தினாலும் அது நம்மைத் தாங்கிக்கொள்ளும், ஸ்டான்ஸ் (நிற்கிற நிலை) குலைந்ததே தெரியாது. சந்தேகம் இருந்தால் கூட இருப்பவரிடம் சொல்லி, நீங்கள் மெதுவாக ஜாப் விடும்போது பேக்கைப் பக்கவாட்டில் இழுத்துவிடச் சொல்லுங்கள். தடுமாறி ஓரடி முன்னால் வைத்தீர்கள் என்றால் இத்தனை நாளும் பேக் மேல் சாய்ந்துதான் குத்தியிருக்கிறீர்கள்.

இன்னொன்று, பேக் திருப்பி அடிக்காது. ஜாப் விட்ட இடது கை நேராகத் தாடைக்குத் திரும்பாமல் இடுப்புப் பக்கம் தொங்கி வந்தாலும் கேட்க ஆள் இல்லை. இது புதியவர்களின் தவறு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1936-இல் அமெரிக்காவின் பெரிய பாக்ஸர் ஜோ லூயிஸையே ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங் இதை வைத்துத்தான் பிடித்தார். லூயிஸின் பழைய சண்டைகளைப் படத்தில் பார்த்து, ஜாபுக்கு அப்புறம் இடது கை தாழ்வதைக் கண்டுபிடித்து, அந்த இடைவெளியில் வலது கையை இறக்கிக்கொண்டே இருந்தார். 12-ஆவது ரவுண்டில் லூயிஸ் நாக்அவுட்.

ஷேடோவுக்குச் செலவு ஒரு சாக்பீஸ். மொட்டை மாடியில் நீளமாக ஒரு கோடு போடுங்கள். வலக்கைக்காரர் என்றால் இடது கால் கோட்டுக்கு இந்தப் பக்கம், வலது கால் அந்தப் பக்கம், தோள் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி, பின்னங்கால் குதிகால் லேசாக எழும்பி இருக்கட்டும். முன்னால் போக இடது கால் முதலில், வலது கால் அதே அளவு பின்தொடரும்; பின்னால் வர வலது கால் முதலில். பத்து அடி போய்விட்டுக் கீழே பாருங்கள், இரண்டு காலும் ஒரே கோட்டில் வந்திருக்கும், இல்லையென்றால் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். எனக்கு வாரக்கணக்கில் அப்படித்தான் வந்தது. பேக் முன்னால் நின்ற மூன்று மாதத்தில் இதை ஒருமுறைகூடக் கவனிக்கவில்லை என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

கைக்கு, போனைப் பக்கவாட்டில் வைத்து வீடியோ எடுங்கள். ஜாப் நீளும்போது இடது தோள் தாடையைத் தொடுகிறதா, வலது கை கன்னத்தை விட்டு நகர்கிறதா, போன பாதையிலேயே கை திரும்புகிறதா, இந்த மூன்றும் போதும். முழங்கை வெளியே விரிகிறவர்கள் சுவருக்கு இடது தோளைக் கொடுத்து ஒரு சாண் தள்ளி நின்று ஜாப் விட்டால் சுவரே சொல்லிவிடும்.

சரி, பேக் தேவையே இல்லையா? தேவைதான். மணிக்கட்டு மடங்குவது காற்றில் தெரியாது, பேக்கில் முதல் குத்திலேயே சுருக்கென்று தெரியும். அதோடு ஷேடோவிலேயே பழகியவர்கள் முழு வேகத்தில் வீசி முழங்கை மூட்டைக் கெடுத்துக்கொள்வதும் உண்டு. ஸ்கிப்பிங் கணுக்காலுக்கும் மூச்சுக்கும் அருமை, ஆனால் ஸ்டான்ஸைக் கற்றுத் தராது. மிட்ஸ் (நம் குத்தை வாங்க கோச் கையில் மாட்டுகிற பட்டைகள்) பிடிக்கத் தெரிந்த கோச் கிடைத்தால் விடாதீர்கள்.

முதல் மூன்று மாதத்துக்கு என் கணக்கு: கோட்டில் நாலு ரவுண்ட் ஷேடோ, அப்புறம் இரண்டு ரவுண்ட் பேக், அதிலும் ஜாப் மட்டும், குத்தியதும் ஓரடி விலக வேண்டும். ஆள் கிடைக்கிற நாளில் எதிரெதிரே நின்று கிளவுஸால் ஒருவர் தோளை ஒருவர் தொட்டு விளையாடுங்கள். தூரத்தைக் கணிக்க எனக்கு அதில்தான் வந்தது. அரை அடி பின்னால் போகிற ஆள் அங்கேதான் கிடைப்பார்.