விட்டுப் பிடிப்பதா, வந்த அன்றே கையில் பிடிப்பதா?

பட்ஜி, காக்கடீல் என்ற சின்ன வளர்ப்புக் கிளிகளில் ஒன்று புதிதாக வீட்டுக்கு வந்துவிட்டால், யோசனை சொல்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். 'வந்த அன்றே கையில் எடுத்துப் பழக்கு, நாள் கடத்தினால் முரண்டு பிடிக்கும்' என்பது ஒரு கட்சி. 'ஒரு வாரம் அதன் பாட்டுக்கு விடு' என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. ஆனால் அதிலும் ஓட்டை உண்டு.

முதல் கட்சிக்காரர்கள் காட்டும் சாட்சி எப்போதும் ஒன்றுதான்: "பிடிச்சதும் எவ்வளவு சாதுவா இருக்கு பாருங்க!" நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் ஏமாந்தேன். பட்ஜி மற்ற பிராணிகளுக்கு இரையாகும் சின்ன உயிர். ஆபத்து என்று பட்டால் அசையாமல் உறைந்துபோகும். இறகுகள் உடம்போடு ஒட்டியிருக்கும், கழுத்து நீண்டிருக்கும், தீனியைத் திரும்பியும் பார்க்காது. அது சாது அல்ல, பயம். நிம்மதியாக இருக்கும் பறவை இறகைச் சற்றுத் தளர்த்தி, ஒரு காலை மடக்கி, அலகை மெல்ல அரைத்துக்கொண்டிருக்கும். நாள் முழுக்க உப்பிக்கொண்டு தூங்கி வழிந்தால் மட்டும் நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டியதுதான்.

இன்னொரு விஷயம், பறவைக்கு நம்மைப் போல மூச்சிழுக்க உதவும் தசையான உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு. பறந்துவிடுமோ என்று மார்பை இறுக்கிப் பிடித்தால் மூச்சே நின்றுவிடும்.

சரி, முதல் கட்சியிடம் நியாயமே இல்லையா? இருக்கிறது. மனிதக் கையால் ஊட்டி வளர்த்த குஞ்சு கையைப் பார்த்து மிரளாது, துணையைத்தான் தேடும். அதை ஒரு வாரம் ஒதுக்கி வைப்பது தண்டனை மாதிரி. அன்றே பேசலாம், தானாக வந்தால் விரலில் ஏற்றிக்கொள்ளலாம்.

இப்போது என் கட்சியின் ஓட்டை. 'தொந்தரவு செய்யாதே' என்றதும் பலர் கூண்டை ஆளில்லாத அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அங்கே பறவை எதற்கும் பழகாது. கூடத்தில், ஒரு பக்கமாவது சுவர் ஒட்டிய மூலை, ஏறக்குறைய நம் கண் உயரம்: நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். முதுகுப்புறம் பாதுகாப்பு, எதிரே வீட்டு நடமாட்டம். சமையலறை மட்டும் கூடவே கூடாது. நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். வீட்டில் ஏற்கெனவே பறவை இருந்தால் மட்டும் தனி அறைதான் சரி, குறைந்தது 30 நாள். பறவைகள் நோயை வெளிக்காட்டாமல் மறைப்பதில் கெட்டிக்காரர்கள்.

இரவில் துணி போர்த்துவதா வேண்டாமா என்று பெரிய சண்டையே நடக்கும். 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் கிடைத்தால் போதும், துணி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. காக்கடீல் மட்டும் நடு இரவில் திடுக்கிட்டுக் கூண்டுக்குள் மோதிக்கொள்ளும்; அதற்கு மங்கலான ஒரு விளக்கு நல்லது.

தீனியிலும் இதே போட்டி: பழையதைத் தொடர்வதா, நல்லதாக மாற்றுவதா? பெல்லட் (சத்துகளைக் கலந்து சின்ன உருண்டையாக்கிய தீனி) நல்லதுதான், ஆனால் முதல் வாரத்தில் அல்ல. இடமும் புதிது, தீனியும் புதிது என்றால் பட்டினி கிடக்கும். சின்னப் பறவை ஓரிரு நாள் பட்டினியைக்கூடத் தாங்காது. கிண்ணம் நிறைந்திருக்கிறது என்று நம்பிவிடவும் வேண்டாம், மேலே இருப்பது வெறும் உமியாக இருக்கலாம். ஊதிப் பாருங்கள். கூண்டுக்கு அடியில் காகிதம் விரித்து எச்சத்தையும் கவனியுங்கள். சாப்பிடாத பறவையின் எச்சம் குறைந்துவிடும்.

ஆக, விட்டுப் பிடிப்பது என்றால் சும்மா இருப்பதல்ல. முதல் சில நாள் கூண்டருகே உட்கார்ந்து புத்தகம் படியுங்கள், மெல்லப் பேசுங்கள். அது உங்கள் முன்னாலேயே சாப்பிட ஆரம்பித்த பிறகு, கம்பி வழியாக ஒரு தினைக்கதிரை நீட்டுங்கள். அதை வந்து கொத்தினால் அப்புறம் கையை உள்ளே விடலாம். சிலது நாலே நாளில் வரும், சிலதுக்கு இரண்டு மாதம் ஆகும். ஒருநாள் கதிருக்காக ஒரு காலை உங்கள் விரல்மேல் வைத்துவிட்டுச் சட்டென்று பின்வாங்கும். அன்றைக்கு அதோடு கையை எடுத்துக்கொள்ளுங்கள்.