மீன் பெட்டிக்கு எது: ஐஸா, ஜெல் பையா, ட்ரை ஐஸா?

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் அக்காவுக்கு அங்கே கிடைக்கிற மீன் எதுவும் பிடிக்காது. "எத்தனை நாள் மீனோ" என்பாள். அதனால் நான் பினாங்கிலிருந்து போகும்போதெல்லாம் விடியற்காலையிலேயே பத்து மாவுங் மீன்பிடித் துறைக்குப் போய் கானாங்கெளுத்தியும் தெங்கிரியும் (வஞ்சிரம்) வாங்கி, பெட்டியில் அடுக்கிக்கொண்டு கிளம்புவேன். சுமார் 350 கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டால் நாலரை மணி நேரம். ஐஸ், ஜெல் பை, ட்ரை ஐஸ் மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன். என் ஓட்டு சாதா ஐஸுக்குத்தான்.

விலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஐஸை மீன் பசாரிலேயே அள்ளிப் போடுவார்கள். ஜெல் பையைத் திரும்பத் திரும்ப உறைய வைத்துக்கொள்ளலாம். ட்ரை ஐஸைத் தேடிப் போய் வாங்கவேண்டும். வாங்கிய நிமிஷத்திலிருந்தே அது குறைந்துகொண்டு வரும்.

குளிர்ச்சியைக் காகிதத்தில் கணக்குப் போட்டால் ட்ரை ஐஸ்தான் ஜெயிக்கும். அது உறைந்த கரியமில வாயு. மைனஸ் 78.5 டிகிரியில், திரவமாகாமல் நேரே வாயுவாகிவிடும். அப்படி மாறும்போது கிலோவுக்குச் சுமார் 570 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. ஐஸ் உருகும்போது இழுப்பது 334தான். ஜெல் பைக்குள் இருப்பதும் பெரும்பாலும் கெட்டியாக்கிய தண்ணீர் என்பதால் அதுவும் ஏறக்குறைய ஐஸ் அளவுக்கு வரும்.

அந்த 334 சின்ன எண் இல்லை. 0 டிகிரி தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்க என்ன வெப்பம் வேண்டுமோ, கிட்டத்தட்ட அவ்வளவும் ஒரு கிலோ ஐஸை வெறுமனே தண்ணீராக்குவதற்கே போய்விடுகிறது. ஐஸில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கும். வெப்பம் ஏற ஏற அதிர்வு கூடும். 0 டிகிரிக்கு வந்ததும் கதை மாறுகிறது. அதற்குமேல் வருகிற வெப்பம் வேகத்தைக் கூட்டாமல் பிடியைத் தளர்த்துவதில் செலவாகிறது. அதனால் உருகி முடியும்வரை தெர்மாமீட்டர் அசையாது. ஜோசப் பிளாக் என்ற விஞ்ஞானி 18ஆம் நூற்றாண்டில் கிளாஸ்கோவில் இதைக் கவனித்துத்தான் உள்ளுறை வெப்பம் என்றார். நான் கவனித்தது வழியில் தாப்பா நெடுஞ்சாலை ஓய்விடத்தில். பாதி ஐஸ் கரைந்திருந்தது, சமையலறைத் தெர்மாமீட்டரைப் பெட்டிக்குள் விட்டால் 1 டிகிரிக்குள்தான் காட்டியது. வெளியே காரின் பின்பக்கப் பூட் மூடிமேல் சூட்டில் கை வைக்க முடியவில்லை.

சரி, ஜெல் பையும் அதே வேலையைத்தானே செய்கிறது, அப்புறம் ஏன் ஐஸ்? இங்கேதான் நான் ஒருமுறை ஏமாந்தேன். மேலே இரண்டு, கீழே இரண்டு ஜெல் பை வைத்து நடுவில் மீனை அடுக்கினேன். செந்தூலில் திறந்தபோது பைகள் பாதி உறைந்தபடியே இருந்தன. பையை ஒட்டிக் கிடந்த மீன் ஜில்லென்று இருந்தது. நடுவில் இருந்தவற்றின் கண் மங்கி, வயிறு தொளதொளத்துப் போயிருந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, முகர்ந்துவிட்டு வைத்தாள். அதற்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

காரணம் இடையில் நின்ற காற்று. சூடான மீனின் மூலக்கூறுகள் வேகமாக ஆடுகின்றன. பக்கத்தில் இருப்பதன்மேல் மோதித்தான் அந்த ஆட்டத்தைக் கைமாற்ற முடியும். காற்றில் மூலக்கூறுகள் எட்ட எட்ட இருப்பதால் மோதல் குறைவு. தண்ணீரில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அசையாமல் நிற்கும் காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஜெல் பையிலும் குளிர் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது மீனிடம் போய்ச் சேர வழியில்லை. ஐஸ் உருகினால் அந்த 0 டிகிரித் தண்ணீர் செவுள், வயிறு, வால் என்று எல்லா இடுக்கிலும் புகுந்து மீனைச் சுற்றிக்கொள்ளும். "தண்ணிய வடிச்சிடாதேம்மா, அதுலதான் விஷயமே இருக்கு" என்று மீன்கார அண்ணன் அன்றைக்கே சொன்னார். நான்தான் ஈரம் கூடாது என்று பெரிய புத்திசாலியாக ஜெல் பைக்குப் போனேன்.

அளவு சொல்கிறேன். 10 கிலோ மீனை 28 டிகிரியிலிருந்து 0 வரை இறக்கச் சுமார் 1,000 கிலோஜூல் எடுக்கவேண்டும். அதற்கே 3 கிலோ ஐஸ் போய்விடும். பெட்டிச் சுவர் வழியாக வரும் வெப்பத்துக்கு இன்னும் வேண்டும். நான் மீனுக்குச் சமமான எடை போடுவேன். வெட்டிய துண்டு என்றால் பையில் போட்டுக் காற்றைப் பிதுக்கிக் கட்டிவிட்டுத்தான் ஐஸுக்குள் இறக்கவேண்டும், இல்லாவிட்டால் ருசி தண்ணீரோடு போய்விடும். முழு மீன் அப்படியே கிடக்கலாம். இது அரை நாள் பயணத்துக்கான கணக்கு. இரண்டு மூன்று நாள் வைப்பதென்றால் அழுக்குத் தண்ணீரை வடித்துப் புது ஐஸ் போடவேண்டும்.

ட்ரை ஐஸை ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்தினேன், அதனால் அடித்துச் சொல்லமாட்டேன். மீன் கருங்கல்லாகிவிட்டது, தோல் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு கிலோ ட்ரை ஐஸ் 500 லிட்டருக்கு மேல் வாயுவாக விரியும். மூடிய காரில் அது மூச்சை அடைக்கும். இறுக மூடிய பெட்டி என்றால் வெடிக்கவும் செய்யும். வழி நெடுக ஜன்னலைத் திறந்தபடி வந்து தலைவலியோடு இறங்கினேன். ஐஸ்கிரீம் மாதிரி மைனஸ் 18இல் இருக்கவேண்டிய சாமான் என்றால் ட்ரை ஐஸ்தான் சரி, 0 டிகிரி அங்கே உதவாது.

ஐஸுக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. ஒருமுறை பெட்டியின் வடிகால் மூடி கழன்று, பூட் விரிப்பு ஒரு வாரம் நாறியது. இப்போது மூடிக்கு டேப் ஒட்டி, அடியில் ஒரு பேசினும் வைக்கிறேன். மிஞ்சுகிற தண்ணீரைக் குளிர் போகவிட்டு அக்கா கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவாள். இன்னும் ஜில்லென்று இருக்கட்டும் என்று நான் கல் உப்பு தூவிய நாளில் மட்டும் செடிக்குக் கிடையாது.