புரோப் பாதியில் தோற்றால் வாங்கியதைத் திருப்பித் தருவது யார்?

இன்டெல் 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை திறந்தது. சில்லுகளைப் பொருத்திச் சோதித்த அந்த வட்டாரத்தில் இன்று நம் பிள்ளைகள் சாதனங்களை இயக்கும் லினக்ஸ் டிரைவர்களும் எழுதுகிறார்கள். அந்தத் தம்பி தங்கைகளிடம் நான் விடாமல் வற்புறுத்துவது: புரோப் (சாதனம் கிடைத்ததும் அதைத் தயார்செய்ய, லினக்ஸின் மையநிரலான கெர்னல் அழைக்கும் டிரைவரின் செயற்கூறு) தோற்கும் வழியை முதலில் எழுதுங்கள்.

நினைவகம் வாங்கி, சாதனத்தின் கடிகாரத் துடிப்பை ஓடவிட்டு, இன்டரப்டை (சாதனம் செயலியைக் கூப்பிடும் அழைப்பை) பதிந்த புரோப், நான்காம் படியில் தோற்கிறது என்று வையுங்கள். டிரைவர் விலகும்போது துடைக்கும் செயற்கூறான ரிமூவை, தோற்ற புரோப்புக்குக் கெர்னல் அழைப்பதில்லை. 2012 முதல், தேவையான வேறு சாதனம் இன்னும் தயாராகவில்லை என்றால் புரோப்பை ஒத்திவைத்துப் பிறகு மீண்டும் அழைக்கவும் செய்கிறது. ஒவ்வொரு முறையும் வாங்கியது திரும்பாமல் ஒழுகினால் என்னவாகும்?

அழைத்தவரே துடைக்கட்டும் என்ற ஏற்பாட்டை நான் ஏற்பதில்லை. எந்தப் படிவரை போனது என்று அவருக்குத் தெரியாது. விதிவிலக்கு, சாதனத்தைக் கெர்னலில் பதியும் டிவைஸ்_ரிஜிஸ்டர்: அது தோற்றாலும் அழைத்தவர் தன் பிடியை விடும் புட்_டிவைஸை அழைத்தே ஆகவேண்டும், நினைவகத்தை நேரடியாக விடுவிக்கும் கேஃப்ரீ கூடாது. சாதனத்தை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற குறிப்பு எண்ணிக்கை அதற்குள் தொடங்கிவிட்டது.

தோற்ற செயற்கூறே கோட்டூ என்ற தாவல் கட்டளை வழியாகத் தலைகீழ் வரிசையில் திருப்பித் தருவது பழைய முறை. வரிசை கண்ணெதிரே இருப்பது அதன் பலம். நடுவில் புதிய படி சேர்ப்பவர், தாவிச் சேரும் இடமான லேபிளை மறந்தால் கசிவுதான்.

2007இல் டேஜுன் ஹியோ கொண்டுவந்த, வாங்கியதைச் சாதனத்தோடு கட்டிவைக்கும் டெவ்எம் முறையில், புரோப் தோற்றாலும் டிரைவர் விலகினாலும் கெர்னலே தலைகீழாக விடுவிக்கிறது. புதிய டிரைவருக்கு என் தேர்வு இதுவே. ஆனால் இரண்டையும் கலப்பதுதான் பெரிய ஆபத்து. கையால் எழுதிய துடைப்பு முதலில் ஓடும், டெவ்எம் அதன் பிறகே. கடிகாரத்தைக் கையால் நிறுத்திவிட்டு இன்டரப்டை டெவ்எம்மிடம் விட்டால், அந்த இடைவெளியில் வரும் ஓர் இன்டரப்ட், கடிகாரம் நின்ற சாதனத்தின் ரெஜிஸ்டரை (உள் நினைவிடத்தை) படிக்கப்போய்ச் சில வன்பொருளில் இயந்திரத்தையே உறையவைத்துவிடும். டெவ்எம் வடிவம் இல்லாத படிக்கு, நம் துடைப்பை டெவ்எம்மிடம் பதியும் டெவ்எம்_ஆட்_ஆக்ஷன்_ஆர்_ரீசெட் இருக்கிறது. பதிவே தோற்றாலும் துடைப்பை உடனே ஓட்டிவிடும். பயனர் நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்புக்கான நினைவகத்தை மட்டும் டெவ்எம்மிடம் கொடுக்காதீர்கள். சாதனம் பிடுங்கப்பட்ட பிறகும் அந்தக் கோப்பு உயிரோடு இருக்கும்.

எந்த முறையானாலும், ஒவ்வொரு படியிலும் வேண்டுமென்றே பிழையைத் திருப்பிவிட்டு டிரைவரை ஏற்றுங்கள். கெர்னலின் உள்நிலையைக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸின் கடிகாரப் பட்டியலில் இயக்க எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும்.